சொல் விளங்கும் ஒலி

நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களை வகுத்த நம் முன்னோர், அந்நிலத்துக்கு யாழாக விளரியாழையும் பறையாக மீன்கோட்பறையையும் கூறினர். ஒன்று அருகிருப்பார் நெஞ்சில் மெல்லப் படிவது. மற்றொன்று கரையெங்கும் கேட்குமாறு முழங்குவது. கடலோர வாழ்வுக்கு இரண்டும் வேண்டும். ஆயினும் இரண்டுக்கும் இடம் வேறு, பொழுது வேறு. இன்று நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்க முனையும் இளைஞர் பலர், யாழ் வேண்டிய இடத்தில் பறையை வாங்கி வைத்துவிட்டு, பாட்டு நன்றாகக் கேட்கவில்லையே என்று வருந்துகின்றனர். நடுத்தர வருவாயுள்ள குடும்பம் ஒன்று நல்ல ஒலிக்கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை, பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாம் கண்டறிந்தவற்றைக் கொண்டு ஈண்டு எழுத முற்படுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் இது என்ன பொருள் என்று சிலர் வினவக்கூடும். கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் செவிவழியே முதலில் நம்மை வந்தடைகின்றன. எழுத்தறியாத பெரியோர்க்கு இன்றளவும் தமிழ் என்பது கேட்கும் தமிழே. ஆதலின் செவிக்குத் துணைசெய்யும் கருவியைப் பற்றிப் பேசுதல் தமிழுக்குப் புறம்பானதன்று.

சென்னைக்கு வடக்கே அமைந்த பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என ஏரியையும் கடலையும் ஒட்டிப் பல ஊர்கள் உள்ளன. இவ்வூர்களுக்குப் பாட்டு வந்து சேர்ந்த வழியும் ஒரு வரலாறே. முதலில் வானொலி வந்தது. கடல் கடந்து வந்த இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் குரலைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர் பலர். பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கேசட், பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியோரின் 'டூ இன் ஒன்' பெட்டிகளோடு நம் கரைக்கும் வந்தது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா, சீர்காழி கோவிந்தராஜன் ஆகியோரின் கணீரென்ற குரல்கள் சமய வேறுபாடின்றி எல்லாத் தெருக்களிலும் ஒலித்தன. அதன்பின் குறுந்தகடு வந்தது. இப்போது கைப்பேசியும் புளூடூத் பெட்டியும் வந்துள்ளன. கருவிகள் மாறின, கேட்கும் காது மட்டும் மாறவில்லை. கருவி வாங்குவோர் மறப்பதும் அந்தக் காதைத்தான்.

நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் இவ்வேரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். இறால் பருவம் ஓரளவு கைகொடுத்த ஓராண்டில் 25,000 ரூபாய் சேர்த்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஆளுயர டவர் ஸ்பீக்கர்கள் இரண்டு வாங்க வேண்டும், அட்டைப்பெட்டியில் 10,000 வாட் என்று அச்சிட்டிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு கூறினார். யாருக்காக வாங்குகிறீர் என்று வினவினோம். "நைனாவுக்குத்தான் ஐயா. முன்னே மாதிரி பாட்டுக் கேட்க முடியலேன்னு வருத்தப்படுறாரு. அதான் பெரிசா வாங்கலாம்னு" என்றார். அத்தொகை வெறும் மிச்சப் பணமன்று. அடுத்த பருவத்துக்கு வலை பிடிக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கு அது. தவறான பொருளில் முடங்கினால் மீண்டும் சேர்க்க ஈராண்டாகும். ஆதலின் கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டுக்குச் செல்வோம் என்றோம்.

தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படகு எஞ்சினுக்கு ஓர் எட்டு தொலைவில் அமர்ந்து தொழில் செய்தவர். அண்டை வீட்டாரிடமிருந்து அதே வகை டவர் ஸ்பீக்கரை இரவலாக வாங்கி வைத்து, அவருக்கு விருப்பமான ஹனிபா பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்தோம். சுவர் அதிர்ந்தது; அலமாரியிலிருந்த எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. முதியவர் தலையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பார்த்தார். "முழக்கம் கேட்குது வாத்தியாரே. சொல்லு கேட்கலை" என்றார். நாம் இவ்விடயத்தில் அறிந்துகொள்ள வேண்டியது அனைத்தையும் அவர் அந்தச் சில சொற்களில் கூறிவிட்டார்.

இதன் காரணத்தைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணரலாம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு கூறுகிறது. சொல்லின் முழக்கம் உயிரொலிகளில் உள்ளது. அவற்றின் வலிமை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட தாழ்ந்த அதிர்வெண்களில் அமையும். ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் ச, த, ப முதலிய மெய்யொலிகளின் அடையாளமோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வெண்களில், மிக மெலிந்து, நொடியின் சிறு பகுதியளவே நிற்கிறது. பேரிரைச்சலில் பல்லாண்டு உழைத்த செவி முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. பாடுவது தெரியும், பாடுவது இன்னதென்று தெரியாது. போதாக்குறைக்கு, தாழ்ந்த ஒலி மிகும்போது உயர்ந்த ஒலியை மூடி மறைக்கும் இயல்பும் நம் செவிக்கு உண்டு. பேஸ் ஒலியைப் பெருக்கிக் காட்டும் பெட்டி, முதியவர் செவியில் எஞ்சியிருந்த மெய்யொலிகளையும் மூடிவிட்டது. பெரிய கருவி வாங்கினால் அவர் குறைவாகத்தான் கேட்பார்.

எனவே முதற்செலவு கடையில் அன்று, காது மருத்துவரிடம் என்று மகனிடம் வற்புறுத்தினோம். எந்த ஸ்டீரியோவும் காது கேட்கும் கருவிக்கு மாற்றாகாது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது செவிக்குத் தீங்கு என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பதும் மருத்துவ உலகம் வகுத்த எல்லை. தந்தைக்கு நேர்ந்தது மகனுக்கும் நேராதிருக்க, படகில் அமரும்போது காதடைப்பான் அணியுமாறும் சொன்னோம். அதன் விலை மிகச் சிறிது.

இனி வாட் கணக்கைப் பார்ப்போம். அட்டைப்பெட்டிகளில் காணும் 'பிஎம்பிஓ' என்னும் எண், கண்ணிமைக்கும் நேரத்தில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சத்தைக் குறிப்பது. அதை அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட பொதுமுறை ஏதுமில்லை. நம்பத்தக்கது 'ஆர்எம்எஸ்' என்னும் தொடர்ந்த ஆற்றலின் அளவே. ஐயம் தோன்றினால் கருவியின் பின்புறத்தில் மின்நுகர்வு எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைப் படிக்கலாம். மின்கம்பியிலிருந்து 60 வாட் மட்டும் பெறும் பெட்டி, 10,000 வாட்டை ஒலியாகத் தொடர்ந்து தர இயலாது. கிணற்றில் ஊறாத நீர் வாளியில் வருவதில்லை.

அவ்வளவு ஆற்றல் வீட்டுக்குத் தேவையுமன்று. நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்று ஒரே ஒரு வாட் ஆற்றலில், ஒரு மீட்டர் தொலைவில், ஏறத்தாழ 87 டெசிபெல் ஒலி தரும். இருவர் இயல்பாக உரையாடும் ஒலி சுமார் 60 டெசிபெல்தான். ஆற்றலை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே; செவிக்கு இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 30 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையே செவியறியும் வேறுபாடு அற்பம். பக்கத்துக்கு 20 முதல் 30 வாட் உண்மையான ஆற்றல் இருந்தால் ஒரு குப்பத்து வீட்டின் கூடத்துக்குப் போதும். எஞ்சிய பணத்தை எண்ணிக்கைக்கு அன்றித் தரத்துக்குச் செலவிடலாம்.

இவ்வாறு தெளிந்தபின் சென்னை ரிச்சி தெருவுக்கு அவருடன் சென்றோம். கடைகளில் ஒலித்துக் காட்டும் பாடல், அந்தப் பெட்டியின் வலிமைக்கு ஏற்பக் கடைக்காரர் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும். இடி முழக்கமும் கண்ணாடி உடையும் ஓசையும் நாம் வீட்டில் கேட்கப் போவன அல்ல. ஆகவே நாம் நன்கறிந்த குரலை நாமே கொண்டுசெல்ல வேண்டும். ஹனிபா பாடல் ஒன்றையும், நம் துறை ஆசிரியர் ஒருவர் படித்த உரைநடைப் பகுதியையும் கைப்பேசியில் பதிந்து எடுத்துச் சென்றோம். இசைக்கருவிகள் இல்லாத வெறும் மனிதக் குரலே கடுமையான தேர்வு. அதற்கு நாம் வகுத்துக்கொண்ட வினாத்தாள் மிக எளியது. ல, ள, ழ மூன்றும் வேறுவேறாகக் கேட்கின்றனவா? ரகரமும் றகரமும் மயங்குகின்றனவா? 'ச', 'ஸ' ஒலிகள் ஊசி குத்துவது போல் சீறுகின்றனவா? 'ம', 'ன' ஒலிகள் மூக்கடைத்தவர் பேச்சுப் போல் உள்ளனவா, நெஞ்சிலிருந்து வருகின்றனவா? தமிழின் எழுத்தொலிகளே ஸ்பீக்கருக்கு உரைகல். இக்கல்லில் உரைத்தபோது, பளபளப்பான பெட்டிகள் சில செம்பாயின. ஓரத்தில் கிடந்த சாதாரணப் பெட்டி ஒன்று பொன்னாகத் தெரிந்தது.

கடையில் மேலும் சில விதிகளைக் கைக்கொண்டோம். பேஸ், டிரபிள் திருகுகளை நடுநிலையில் நிறுத்தச் சொன்னோம். இரு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்க வேண்டும் என்றோம்; ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று செவி ஏமாறும். ஒரு பெட்டியை ஒரு நிமிடம் கேட்டு முடிவு செய்யாமல், கால்மணி நேரம் கேட்டோம். முதல் நிமிடத்தில் கவரும் கூரிய ஒலி, பத்தாவது நிமிடத்தில் தலைவலியாக மாறுவதுண்டு.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியதை வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா என்னும் வினா அடுத்து எழுந்தது. மீனவர்க்கு இதை விளக்க நெடும்பேச்சுத் தேவைப்படவில்லை. படகு வேறு, எஞ்சின் வேறு. எஞ்சின் பழுதானால் படகை யாரும் கடலில் எறிவதில்லை. ஆம்ப்ளிஃபயர் தனியாகவும் ஸ்பீக்கர்கள் தனியாகவும் இருந்தால், ஒன்று கெட்டாலும் மற்றது பயன்படும். உப்புக்காற்று ஊரில் இது சிக்கனத்தின் முதற்பாடம். ஆகவே பணத்தை இவ்வாறு பகிர்ந்தோம்: ஸ்பீக்கர் இணைக்கு 14,000 ரூபாய், கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகவும் பழைய கேசட் கருவியிலிருந்து கம்பி வழியாகவும் பாட்டைப் பெறும் சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு 6,000, ஸ்டெபிலைசருக்கு 1,500, செம்புக் கம்பிக்கும் இணைப்புகளுக்கும் 700, படகுத் தச்சர் செய்து தந்த இரு மரத்தாங்கிகளுக்கு 1,300. மொத்தம் 23,500. மிஞ்சிய 1,500 ரூபாயைப் பழுதுபார்ப்புக்கென ஒதுக்கி வைக்கச் சொன்னோம். பாதிக்கு மேற்பட்ட தொகை ஸ்பீக்கருக்குச் சென்றதைக் காண்க. மின்சாரத்தை ஒலியாக மாற்றும் கடைசிப் படி அது. அங்கே இழந்த மெய்யொலியை வேறெங்கும் மீட்க முடியாது.

உப்புக்காற்றைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். மிதிவண்டிச் சங்கிலி ஓராண்டில் துருவேறும் ஊரில், மின்னணுக் கருவி மட்டும் தப்பிவிடாது. காற்றிலுள்ள உப்பும் ஈரமும் சேர்ந்து செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும்; இணைப்பு தளர்ந்து ஒரு பக்க ஒலி மங்கும். கருவி கெட்டது என்று அஞ்சாமல், முனையை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஸ்பாஞ்சால் ஆனதாயின் ஈரத்தில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பே கடற்கரைக்கு உகந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகை நீர்பட்டால் உப்பிப் பிளக்கும். ஆதலால் பெட்டியைத் தரையில் வைக்காமல் தாங்கியில் ஏற்றினோம். மழைக்காலத்தில் நீர் உட்புகும் வீடுகளுக்கு இது இன்றியமையாதது. கடலை நோக்கிய சன்னலருகே வைக்கலாகாது. வாரத்தில் சில நாளேனும் கருவியை இயக்கினால் உள்ளெழும் சூட்டில் ஈரம் உலரும். துணியால் மூடுவதாயின் இயக்கத்தை நிறுத்திச் சூடு ஆறியபின் மூட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இடி இடிக்கும்போது, பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல காப்பு இல்லை.

கருவியை வைக்கும் இடம் காசில்லாமல் கிடைக்கும் தரம். இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டில் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கோரியபோது, அதன் அடிப்படை நமக்கு இரு செவிகள் உள்ளன என்பதே. இருளில் வரும் மற்றொரு படகின் எஞ்சின் எத்திசையில் உள்ளது என மீனவர் அறிவதும் இதனால்தான். ஒலி ஒரு செவியை மற்றொன்றினும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. அந்நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை உணர்கிறது. ஆகவே இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர், அமர்ந்தவர் காதின் உயரத்தில் இருத்தல் வேண்டும். பெட்டியை அறையின் மூலையில் செருகினால் பேஸ் ஒலி வீங்கிச் சொல்லை விழுங்கும். சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி வைக்க வேண்டும். சிமெண்டுச் சுவர்கள் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். அவ்வீட்டில் எதிர்ச்சுவரோரம் மெத்தைகளை அடுக்கி, சன்னலுக்குக் கனத்த திரை ஒன்று தொங்கவிட்டோம். அம்மாற்றத்தின் பயன், இன்னும் 5,000 ரூபாய் செலவிட்டாலும் கிடைத்திராது.

அன்று மாலை முதியவர் தம் இடத்தில் அமர்ந்து பாடல் முழுவதையும் கேட்டார். இடையில் இரண்டு சொற்களைத் தாமே திரும்பச் சொன்னார். பிறகு மகனை அழைத்து, "கொஞ்சம் குறைச்சு வைப்பா, ரொம்ப சத்தமா இருக்குது" என்றார். செவி மங்கியவர் ஒலியைக் குறைக்கச் சொன்னதைவிட அந்தக் கருவிக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

குறைந்த ஒலியில் நிறைவாகக் கேட்பது கடலோர ஊரில் சுவை பற்றிய செய்தி மட்டுமன்று. அறம் பற்றியதும் ஆகும். பின்னிரவில் கடலுக்குப் போகிறவர் முன்னிரவில் உறங்க வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லை வகுத்துள்ளன. எனினும் பழவேற்காட்டு மக்களுக்குச் சட்டத்தைவிடப் பழமையான ஒரு முறைமை உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையே அது. ஒருவர் பாட்டில் மற்றவர் வலை வீசுவதில்லை. நீரைப் பங்கிடத் தெரிந்தவர்க்கு அமைதியைப் பங்கிடவும் தெரியும். தெருவின் அமைதியும் ஏரியைப் போல் பொதுச்சொத்தே. அதில் நம் பாடு எவ்வளவோ அவ்வளவே நமக்கு. சிறிய ஒலியில் தெளிவாகப் பேசும் கருவி, அண்டை வீட்டாரின் பாட்டைக் கவராத கருவி.

மாணவச் செல்வங்கள் நாளை ஊதியம் பெறத் தொடங்கியதும் தம் பெற்றோர்க்கு ஏதேனும் வாங்கித் தர விழைவர். அவ்விழைவு போற்றத்தக்கது. அது ஸ்டீரியோவாக இருப்பின், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்குமுன் அதைக் கேட்கப்போகும் செவியை எண்ணுக; அது வைக்கப்படும் அறையையும், அவ்வறையின் சுவருக்கு அப்பால் உறங்குவோரையும் எண்ணுக. பின்னர், கடையில் நின்று கண்களை மூடி, லகர ளகர ழகரங்கள் தனித்தனியே வந்து செவியில் படிகின்றனவா என்று கேட்டு வாங்குக. சொல் விளங்கினால் பொருள் விளங்கும். பொருள் விளங்கிய பாட்டே முதியோர்க்குத் துணையாகும்.